வாரத்துக்கு விட்டது படியளப்பாக மாறிய கதை: காசினோ வருமானமும் ஒன்டாரியோ குதிரைக்காரர்களும்

என்னிடம் வந்த கேள்வி இது: "கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹார்னஸ் ரேஸ் குதிரைக்காரர்கள் காசினோ வருமானத்தில் நியாயமான பங்கு வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணத்தை எதற்குக் குதிரைக்குக் கொடுக்க வேண்டும்? அது மானியம்தானே?" கேட்டவர் தினமும் பிக்கரிங் காசினோவைக் கடந்து வேலைக்குப் போகிறவர். கூடவே ஒரு துணைக் கேள்வியும் இருந்தது. நண்பர் ஒருவர் பந்தயக் குதிரையில் பங்கு வாங்கச் சொல்கிறாராம், வாங்கலாமா என்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. மில்டனுக்கு மேற்கே இருக்கும் சின்னச் சின்ன லாயங்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். என் வருமானத்தில் ஒரு பகுதி குதிரையிலிருந்து வருகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

நேரடியாகச் சொன்னால், "மானியம்" என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1998-இல் நடந்தது ஒரு வியாபார ஏற்பாடு. ஒருவர் இடம் கொடுத்தார், இன்னொருவர் மெஷின் வைத்தார், வந்ததைப் பிரித்துக்கொண்டார்கள். அதை மானியம் என்று பெயர் மாற்றியது பிற்பாடு. பெயர் மாறியதும் பங்கும் போயிற்று. அதே சமயம் குதிரைக்காரர்கள் பக்கம் தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஹார்னஸ் ரேஸ் என்றால் நம் ஆட்கள் பலருக்குப் பிடிபடாது. கிண்டி ரேஸ்கோர்ஸில் பார்த்தது போல ஜாக்கி முதுகில் ஏறி ஓட்டுவது இல்லை இது. குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கர வண்டி, அதில் ஓட்டுநர் காலை நீட்டி உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்திருப்பார். நான் கம்பம் பக்கத்துக்காரன். முதன்முதலில் பார்த்தபோது எங்கள் ஊர் ரேக்ளா பந்தயம்தான் கண்ணில் வந்தது. ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. ஒன்று, குறுக்குக் கால்கள் ஒன்றாக எழும் டிராட் நடை. இல்லையென்றால் ஒரே பக்கக் கால்கள் ஒன்றாக எழும் பேஸ் நடை. பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் ஓட்டுநர் குதிரையை ஓரம் கட்டி, நடையைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி சேர வேண்டும். அதற்குள் பந்தயம் கையை விட்டுப் போயிருக்கும்.

இந்தக் குதிரை இனத்துக்கு ஸ்டாண்டர்ட்பிரெட் என்று பெயர். ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுவதை 1879-இல் அளவுகோலாக வைத்தார்கள், அந்த 'ஸ்டாண்டர்ட்'தான் பெயரில் நிற்கிறது. நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோ ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 40,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய 'சம்பீச்சம்வேர்' என்ற குதிரை, 2008-இல் ஒரு மைலை 1 நிமிடம் 46.8 விநாடியில் ஓடியது. அந்த வருடம் மோஹாக் மைதானத்தில் நார்த் அமெரிக்கா கப்பையும் ஜெயித்தது. இன்றும் இங்கே லாயத்துக்கு லாயம் அதன் வாரிசுகள் நிற்கின்றன. சின்ன ஊர்க்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கி உலகச் சாதனை வரை போகலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் தனி அழகு. ஷேக்குகளும் கோடீஸ்வரர்களும் இதில் அதிகம் கிடையாது. விவசாயி, ரிட்டயர்டு ஆசிரியர், லாரி ஓட்டுகிறவர் என்று இப்படித்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

ஒரு லாயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஜனவரி மாதம், காலை ஐந்தரை மணி, வெளியே மைனஸ் 15. உள்ளே எட்டுக் குதிரைகள். மூன்று சொந்தம், ஐந்து மற்றவர்களுடையது. அறுபது தாண்டிய மனிதர். ஓட்டிவிட்டு வந்த குதிரையைச் சேணம் கழற்றி வெந்நீரில் கழுவுகிறார், அதன் முதுகிலிருந்து ஆவி எழும்பி விளக்கை மறைக்கிறது. முன்னங்கால் தசைநாரை விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கிறார், சூடு இருக்கிறதா என்று. "அகவுன்டன்ட், இங்கே கை வை" என்றார் ஒருமுறை. வைத்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அந்த வார ரேஸிலிருந்து அந்தக் குதிரையை எடுத்துவிட்டார். அதாவது அந்த வார வருமானத்தையும் எடுத்துவிட்டார்.

தீவனப் பெட்டியின் மூடி மேல்தான் எங்கள் கணக்கு நடக்கும். லாடக்காரர் மாதம் ஒருமுறை வருவார். கால்நடை மருத்துவர், வைக்கோல், ஓட்ஸ், படுக்கைக்கு மரத்தூள், மைதானத்துக்கு ஏற்றிப்போக டீசல், உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு குதிரைக்கு மாதம் 2,000 டாலருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. வரவு ஒரே ஒரு இடத்திலிருந்துதான், அது பரிசுப் பணம்.

அந்தப் பரிசுப் பணம் பிரியும் விதத்தைப் பாருங்கள். ஒரு ரேஸுக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக முதல் குதிரைக்குப் பாதி, 5,000. இரண்டாவதற்கு 2,500. அப்புறம் 1,200, 800, 500. ஆறாவதாக வந்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. ஜெயித்த 5,000-லும் ஓட்டுநருக்கு 5 சதவீதம், பயிற்சியாளருக்கு 5 சதவீதம் போய், உரிமையாளர் கையில் 4,500. பத்துக் குதிரை ஓடுகிற ரேஸில் ஐந்துக்குத்தான் காசு. மாதம் மூன்று தடவை ஓடி, ஒரு நாலாவது, ஒரு ஐந்தாவது, ஒரு ஆறாவது என்று வந்தால் 1,300 டாலர் வரவு, 2,000 செலவு. அதனால்தான் 'பரிசுப் பணம் எவ்வளவு' என்பது இவர்களுக்கு உயிர்நாடி. காசினோப் பங்கு என்று பேசுவது முழுக்க இந்தப் பரிசுப் பணத்தை நிரப்புவதைப் பற்றித்தான்.

சரி, பரிசுப் பணம் ஜனங்கள் கட்டும் பந்தயத்திலிருந்து வரக்கூடாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. கட்டிய பணம் எல்லாம் ஒரு தொகுப்பில் சேரும். ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தவர்களுக்குத் திரும்பிப் போகும். மிச்சத்தில் வரி போக மைதானமும் குதிரைக்காரர்களும் பிரித்துக்கொள்வார்கள். கனடாவில் 1969-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி லாட்டரியை அனுமதிக்கும் வரை, சாமானியன் சட்டப்படி சூதாடப் பெரிய அளவில் இருந்த வழி குதிரைப் பந்தயம் ஒன்றுதான். 1985-இல் இன்னொரு திருத்தம் வந்தது. லாட்டரி, எலக்ட்ரானிக் சூதாட்ட மெஷின் எல்லாம் மாகாண அரசுகளின் தனி உரிமை ஆயிற்று. 1994-இல் வின்ட்சரில் ஒன்டாரியோவின் முதல் பெரிய காசினோ திறந்தது. மைதானங்களில் கூட்டம் கரையத் தொடங்கியது.

ஸ்லாட் மெஷினோடு குதிரை ஏன் போட்டி போட முடியாது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒரு ரேஸ் இரண்டு நிமிடம்கூட ஓடாது, அடுத்த ரேஸுக்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். மெஷினில் பொத்தானை அமுக்கினால் சில விநாடிகளில் முடிவு. ரேஸுக்குப் படிக்க வேண்டும். குதிரையின் கடைசி ஆறு ஓட்டம், எந்த இடத்தில் இருந்து கிளம்புகிறது, யார் ஓட்டுகிறார், எல்லாம் பார்க்க வேண்டும். (நம் தமிழ்நாட்டில் 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் 'இது திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லை' என்று தீர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த வித்தியாசம்தான் இங்கேயும்.) மெஷினுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். அதோடு மெஷின் வைக்கோல் தின்னாது, நொண்டாது, அதைக் குளிப்பாட்ட யாரும் ஐந்து மணிக்கு எழ வேண்டியதில்லை.

இப்போது 1998-க்கு வருகிறேன். பலர் மறந்துவிட்ட இடம் இது. அப்போதைய மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு ஒன்டாரியோ முழுக்க 44 'தர்ம காசினோக்கள்' (வருமானத்தில் தொண்டு அமைப்புகளுக்கும் பங்கு போகும் காசினோக்கள்) திறக்கத் திட்டம் போட்டது. 1997 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலோடு பல ஊர்களில் இதற்கு வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்கு ஊர் ஜனங்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அரசு பின்வாங்கியது. ஆனால் மெஷின் வருமானம் வேண்டும். புது இடத்தில் வைத்தால் ஊர் எதிர்க்கும். ஏற்கனவே சட்டப்படி பந்தயம் நடக்கிற இடம், பெரிய கார் பார்க்கிங், உணவகம், ஊர் பழகிப்போன கட்டடம் எல்லாம் யாரிடம் இருந்தது? குதிரைப் பந்தய மைதானங்களிடம் இருந்தது. 1998 டிசம்பரில் வின்ட்சர் ரேஸ்வேயில் முதல் ஸ்லாட் மெஷின்கள் வந்தன. பின்னால் 17 மைதானங்கள் வரை போயிற்று.

மெஷின் வருமானத்தை இப்படிப் பிரித்தார்கள்: மைதானத்துக்கு 10 சதவீதம், பரிசுப் பணத்துக்கு என்று குதிரைக்காரர்களுக்கு 10 சதவீதம், உள்ளூராட்சிக்கு 5 சதவீதம் (450 மெஷினுக்கு மேல் போனால் அந்தக் கூடுதலுக்கு 2 சதவீதம்), மீதி சுமார் 75 சதவீதம் மாகாண அரசின் லாட்டரி, சூதாட்ட நிறுவனமான ஓஎல்ஜிக்கு.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது வாரத்துக்கு விட்ட நிலம். நிலம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது, விளைச்சலைப் பங்கு போடுகிறார்கள். வாரம் கொடுப்பதை யாரும் தானம் என்று சொல்ல மாட்டார்கள். குதிரைக்காரர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே போட்டிக்காரனுக்குக் கடை போட இடம் கொடுத்தார்கள். அந்தக் கடையால் தங்கள் வியாபாரம் படுக்கும் என்று தெரிந்தே கொடுத்தார்கள், பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

பங்கும் கிடைத்தது. 2012 வாக்கில் மைதானங்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு சுமார் 34.5 கோடி டாலர். பரிசுப் பணம் உயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து குதிரைகளும் ஆட்களும் இங்கே வந்தார்கள். பண்ணைகள் பெருகின. எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

தவறும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போயிருந்த ஒரு மைதானம் இன்னும் கண் முன் நிற்கிறது. ஸ்லாட் கூடத்தில் உட்கார இடம் இல்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டி ரேஸ் பக்கம் வந்தால், நூறு பேர் உட்காரக்கூடிய வரிசையில் கோட்டு போட்ட நாலு கிழவர்கள், ஒரு அப்பா, அவர் தோளில் ஒரு குழந்தை. அவ்வளவுதான். ஸ்லாட் கூடத்தில் ரேஸைக் காட்ட ஒரு டிவி கூடக் கண்ணில் படவில்லை. பணம் தானாக வந்ததால் புதிய ரசிகரைச் சேர்க்கும் அக்கறை போய்விட்டது. மைதானங்கள் கட்டடத்தைப் பார்த்தன, குதிரைக்காரர்கள் பரிசுத் தொகையைப் பார்த்தார்கள். பந்தயம் கட்டுகிறவரை யாரும் பார்க்கவில்லை. கொடுத்த பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று அரசும் கேட்கவில்லை. இதை நான் சொல்வதைவிட, அரசு பின்னால் அமைத்த குழுவே சொன்னது.

2012 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: 2013 மார்ச் 31-உடன் ஸ்லாட் பங்கு திட்டம் முடிகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் பொருளாதார நிபுணர் டான் டிரம்மண்ட் அரசுச் செலவைக் குறைப்பது பற்றிய தன் அறிக்கையைக் கொடுத்திருந்தார். நிதியமைச்சர் டுவைட் டங்கன் இந்தப் பணத்தைக் குதிரைக்குப் போகும் மானியம் என்றும், மருத்துவமும் கல்வியும்தான் முக்கியம் என்றும் பேசினார். அங்கேதான் சொல் மாறியது. 'வருமானப் பங்கீடு' என்று ஆரம்பித்தது 'மானியம்' ஆயிற்று. ஆஸ்பத்திரியா குதிரையா என்று கேட்டால் யார் குதிரை என்று சொல்வார்கள்? நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி அது இல்லையே. 75 சதவீதம் ஏற்கனவே அரசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த அறிவிப்பு வந்த மாதத்தையும் கவனியுங்கள். ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரை வயிற்றில் குட்டியைச் சுமப்பது 11 மாதம். 2012 வசந்தத்தில் பெட்டையைச் சேர்த்தால் 2013-இல் குட்டி, 2014 இலையுதிர் காலத்தில் ஏலம், 2015-இல்தான் இரண்டு வயதுக் குதிரையாக முதல் ரேஸ். அப்படியென்றால் 2012 ஏலத்துக்கு வரப்போகும் குட்டிகள் 2010-லேயே முடிவான முதலீடு. அடுத்த இரண்டு வருட ஏலத்துக்கு வரவேண்டிய குட்டிகள் ஏற்கனவே பிறந்தோ வயிற்றிலோ இருந்தன. பன்னிரண்டு மாத நோட்டீஸ் என்பது ஒரு அலுவலக ஒப்பந்தத்துக்குப் போதும். குதிரை வளர்ப்பவருக்கு அது ஒரு பிரசவ காலம். அந்த இலையுதிர் ஏலத்தில் விலை விழுந்தது. சினைப் பெட்டைகளை எல்லை தாண்டி விற்றார்கள். விற்க முடியாததை இறைச்சிக்கு அனுப்பியவர்களும் உண்டு, அதைப் பற்றி லாயங்களில் இன்றும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் கணக்கு எழுதிய ஒரு பண்ணையில் அந்த வருடம் பன்னிரண்டு பெட்டைகள் இருந்தன. அடுத்த வருடம் மூன்று.

வின்ட்சர், சார்னியா, ஃபோர்ட் ஈரி மைதானங்களின் ஸ்லாட் கூடங்களுக்கு ஒரு வருட அவகாசம்கூடக் கிடைக்கவில்லை, 2012 ஏப்ரல் முடிவிலேயே மூடிவிட்டார்கள். 1965-இல் திறந்த வின்ட்சர் ரேஸ்வே அந்த ஆகஸ்டிலேயே மூடியது. மெஷினை முதலில் உள்ளே விட்ட மைதானம்தான் முதலில் போனது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம் ஒன்று உண்டு. மெஷின் ஒப்பந்தங்கள் ஓஎல்ஜிக்கும் ஒவ்வொரு மைதானத்துக்கும் இடையே போட்டவை. பரிசுப் பணத்துக்குப் போகும் 10 சதவீதமும் மைதானம் வழியாகத்தான் வந்தது. குட்டி வளர்க்கிறவர், பயிற்சி கொடுக்கிறவர், லாடம் அடிக்கிறவர் யாருமே அந்தப் பத்திரத்தில் இல்லை. பதினாலு வருடம் வாரம் வாங்கினார்கள், பத்திரம் தங்கள் பெயரில் இல்லாமல். சட்டத்திலும் எழுதவில்லை. நம் ஊரில் பதிவு செய்யாத வாரக்காரனை எப்படி ஒரே போகத்தில் வெளியேற்றுவார்களோ, அப்படி நடந்தது.

அப்புறம் அரசு மூன்று கட்சிகளின் முன்னாள் அமைச்சர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. எல்மர் புக்கானன், ஜான் ஸ்னோபெலன், ஜான் வில்கின்சன். அவர்கள் இரண்டையும் சொன்னார்கள்: பழைய திட்டத்தில் கணக்குக் கேட்கும் முறை இல்லை, பந்தயம் கட்டுகிறவரைப் பற்றி அக்கறை இல்லை. அதே சமயம் வெளி வருமானம் இல்லாமல் இந்தத் தொழில் பிழைக்காது. 2013-இல் முதல்வரான கேத்லீன் வின், வேளாண் துறையையும் தானே வைத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு 50 கோடி டாலர் வரை தருவதாக ஏற்பாடு செய்தார். ஓஎல்ஜியின் இந்த மாற்றங்களை 2014-இல் தலைமைத் தணிக்கையாளரும் கடுமையாக விமர்சித்தார். 2018-இல் நீண்ட கால ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது: வருடத்துக்கு 10.5 கோடி டாலர் வரை, 19 வருடம் வரை.

34.5 கோடி எங்கே, 10.5 கோடி எங்கே. தொகையைவிட எனக்கு உறுத்துவது அதன் தன்மை. முன்பு மெஷின் வருமானம் கூடினால் பங்கும் கூடும். இப்போது வருவது உச்ச வரம்பு போட்ட தொகை, படியளப்பது போல. டொராண்டோவின் வுட்பைன் மைதானத்தில் காசினோ எவ்வளவு பெரிதானாலும் லாயத்துக்கு அதனால் ஒரு காசு கூடாது. 2022 ஏப்ரலில் தனியார் ஆன்லைன் காசினோச் சந்தை திறந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரே ஒரு விளையாட்டுப் போட்டியின் முடிவு மேல் பந்தயம் கட்டுவது சட்டப்படி ஆயிற்று. போட்டி மறுபடி பெருகியிருக்கிறது, பங்கு மட்டும் அதோடு வளரவில்லை. சின்ன ஊர் மைதானங்களைச் சேர்ந்தவர்கள் இன்னொரு குறையும் சொல்கிறார்கள்: புதிய ஏற்பாட்டில் பெரிய மைதானத்தின் கை ஓங்கியிருக்கிறது, எத்தனை ரேஸ் நாள், எவ்வளவு பரிசு என்று முடிவு செய்யும் மேசையில் தங்கள் குரல் சின்னது என்று. நான் பார்த்தவரை அதில் உண்மை இருக்கிறது.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் 'நியாயமான பங்கு' என்பதற்கு ஒரு உருவம் கிடைக்கும். பென்சில்வேனியா 2004-இல் சட்டமாகவே எழுதியது. ஸ்லாட் வருமானத்தில் 12 சதவீதம் வரை குதிரைப் பந்தய வளர்ச்சி நிதிக்குப் போக வேண்டும். இடையில் பட்ஜெட் ஓட்டையை அடைக்க அதில் கை வைத்தார்கள். பிறகு அதை அறக்கட்டளை நிதியாக மாற்றிப் பூட்டினார்கள். 2020-இல் ஆளுநர் டாம் வுல்ஃப் அதிலிருந்து 20.4 கோடி டாலரைக் கல்லூரி உதவித்தொகைக்கு மாற்ற முன்மொழிந்தார். சட்டமன்றம் அதை நிறைவேற்றவில்லை. சட்டத்தில் எழுதியிருந்தால் கை வைக்கவே முடியாது என்று இல்லை, ஆனால் கை வைப்பவர் ஊரறிய வாக்கெடுப்பில் ஜெயித்தாக வேண்டும். ஒன்டாரியோவில் ஒரு நோட்டீஸ் போதுமானதாக இருந்தது.

நியூ ஜெர்சி வேறு வழி. அட்லாண்டிக் சிட்டி காசினோக்கள், மெடோலேண்ட்ஸ் மைதானத்தில் ஸ்லாட் வராமல் இருக்க, பரிசுப் பணத்துக்கு வருடம் 3 கோடி டாலர் கொடுத்துவந்தன. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி காலத்தில் அது நின்றது. 2016-இல் வடக்கு ஜெர்சியில் காசினோ அனுமதிக்கலாமா என்ற வாக்கெடுப்பு படுதோல்வி. 2019-இல் மாநில அரசே வருடம் 2 கோடி டாலர் தர ஆரம்பித்தது. பேசிப் பெற்ற பணம் ஒவ்வொரு ஆளுநர் மாறும்போதும் கேள்விக்குறி ஆனது.

இல்லினாய் கதை மனதைக் கனக்க வைப்பது. பெரிய காசினோக்கள் வருமானத்தில் 3 சதவீதத்தைப் பந்தய மைதானங்களுக்குத் தர வேண்டும் என்று 2006-லும் 2008-லும் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்காக ஆளுநர் ராட் பிளகோயெவிச்சுக்குத் தேர்தல் நிதி வாக்குறுதி போனது என்று காசினோக்கள் வழக்குப் போட்டு, 2014 டிசம்பரில் ஏறக்குறைய 7.8 கோடி டாலர் தீர்ப்பு வாங்கின. பால்மோரல் பார்க், மேவுட் பார்க் என்ற இரண்டு ஹார்னஸ் மைதானங்கள் திவாலாகி 2015-இல் மூடின. மைதானத்து முதலாளி மட்டத்தில் நடந்த பேரத்துக்கு, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத லாயக்காரர்கள் தொழிலை இழந்தார்கள். நியாயமான பங்கை நேர்வழியில் வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்கக் குதிரைக்காரர்களிடம் ஒரு ஆயுதம் உண்டு. 1978-இல் வந்த மாநிலங்களுக்கிடையிலான குதிரைப் பந்தயச் சட்டப்படி, ஒரு மைதானத்தின் ரேஸை வேறு மாநிலத்துக்கு ஒளிபரப்பி அங்கே பந்தயம் வாங்க, ரேஸ் நடக்கும் மைதானத்தின் குதிரைக்காரர் சங்கம் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கொடுக்காமல் இழுத்துப் பிடித்தால் மைதானத்தின் வருமானம் அடிபடும். பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடைப்பதற்கு அந்தச் சம்மதம் ஒரு பெரிய காரணம்.

எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று கேட்டால் என் கணக்கைச் சொல்கிறேன். பந்தய மைதானத்தின் மேல் நிற்கும் காசினோ வருமானத்தில் 8 முதல் 10 சதவீதம் பரிசுப் பணத்துக்கும் குதிரை வளர்ப்புக்கும் போக வேண்டும். ஆன்லைன் காசினோவிலிருந்து அதைவிடக் குறைந்த ஒரு சதவீதம், ஏனென்றால் அங்கே மைதானம் இடம் கொடுக்கவில்லை. முழுத் தொகையைவிட சதவீதம் முக்கியம், சதவீதத்தைவிடச் சட்டம் முக்கியம், பணம் மைதானம் வழியாக வராமல் குதிரைக்காரர் சங்கத்தின் கையெழுத்தோடு தனிக் கணக்கில் வருவது அதைவிட முக்கியம். நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது நான்கு வருட அவகாசம், ஒரு குட்டி கருவாகி ரேஸுக்கு வரவே மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்.

அதற்கு ஈடாகக் குதிரைக்காரர்களும் சிலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் பகிரங்கக் கணக்கு. ஒரு பகுதி ரிட்டயர் ஆன குதிரைகளின் பராமரிப்புக்கு. ஒரு பகுதி மருந்துப் பரிசோதனைக்கு. 2020 மார்ச்சில் நியூயார்க்கில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்ததாக 27 பேர் மேல் குற்றம் சாட்டினார்கள், அதில் ஹார்னஸ் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் என் லாயக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, "இவன்கள் என் சட்டைப் பையிலிருந்தும் திருடியிருக்கிறான்கள்" என்றார். ஐந்தாவதாக வந்து 500 டாலர் வாங்கியவருக்கு, முன்னால் போன நாலில் ஒன்று மருந்தில் ஓடியிருந்தால் அது திருட்டுதான். காசினோப் பங்கு கேட்கிறவர்கள் இதில் ஒரு துளி சமரசமும் செய்யக் கூடாது.

பந்தயம், சூதாட்டம் எதுவுமே வேண்டாம் என்று நினைப்பவர்களை நான் மதிக்கிறேன். ஸ்லாட் மெஷினால் நொடிந்த குடும்பங்களை நம் சமூகத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: மெஷின் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது வைக்கோல் விளைவிக்கிறவருக்கும், லாடம் அடிக்கிறவருக்கும், ஐந்தரை மணிக்கு எழுந்து குதிரைக் காலைத் தடவிப் பார்க்கிறவருக்கும் போனால், அது கிராமப்புறத்தில் தங்குகிறது.

இனி அந்தத் துணைக் கேள்வி. நண்பர் சொல்லும் குதிரையில் பங்கு வாங்கலாமா? லாபத்துக்கு என்றால் வேண்டாம். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். ஆசைக்கு என்றால், இழந்தாலும் வீட்டில் சண்டை வராத அளவுக்கு மட்டும் போடுங்கள். கையெழுத்துப் போடுமுன் மாதச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, மருத்துவச் செலவு தனியா சேர்த்தா, குதிரை ஓட முடியாமல் போனால் அது எங்கே போகும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்குப் பயிற்சியாளர் தடுமாறினால் அந்த லாயம் வேண்டாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வர முடியுமென்றால் சொல்லுங்கள், நான் போகும் லாயத்துக்கு அழைத்துப் போகிறேன். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், தரை ரொம்பக் குளிரும்.